மதிப்பெண் உண்டு என்ற பிறகு

வாரத்தில் ஒரு பாடவேளையை மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த செயல்திட்டங்களுக்கு ஒதுக்கியதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. என்னை விடாமல் உறுத்துவது, அதற்கும் மதிப்பெண் உண்டு என்று பருவத்தின் நடுவில் அறிவித்த அன்று, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வியும் அதற்கு நான் சொன்ன பதிலும்தான்.

"மார்க் உண்டுன்னா நான் வேற தலைப்பு எடுத்துக்கட்டுமா, டீச்சர்?"

"எடுத்துக்கோப்பா, உன் புராஜெக்ட்தானே" என்றேன்.

அதுவரை அவன் எறும்புகளைக் கவனித்துக்கொண்டிருந்தான். சுவரோரம் சாரை சாரையாகப் போகும் எறும்புகளின் பாதையில் ஒரு விரல் அகலத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அவை தடுமாறி நின்று மீண்டும் வரிசை சேர எவ்வளவு நேரமாகிறது என்று குறிப்பேட்டில் எழுதுவான். முன்னே செல்லும் எறும்புகள் தரையில் விட்டுச்செல்லும் வேதிப்பொருள்தான் பின்னால் வருபவற்றுக்கு வழிகாட்டுகிறது என்பதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. "ஏதோ பூசி வச்சிருக்கு டீச்சர், நமக்குத்தான் கண்ணுக்குத் தெரியல" என்று அவனே கண்டு சொன்னான். ஆனால் அவனுடைய அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. ஒருநாள் சட்டென்று கடந்துவிட்ட எறும்புகள், மறுநாள் துடைத்த இடத்தின் விளிம்பிலேயே வெகுநேரம் சுற்றின. பக்கத்துக்குப் பக்கம் கேள்விக்குறிகள் இருந்தன. அந்தக் குறிப்பேட்டை ஒதுக்கிவிட்டு அவன் சூரியக் குடும்பத்தின் மாதிரியைச் செய்து கொண்டுவந்தான். குறை சொல்ல ஏதுமில்லாத மாதிரி, முழு மதிப்பெண்ணும் கொடுத்தேன்.

தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, மாற்றும் உரிமையை எப்படி மறுப்பது? 1918-இல் செயல்திட்ட முறையைப் பற்றி எழுதிய வில்லியம் கில்பாட்ரிக், கற்பவர் முழுமனத்தோடு ஏற்ற நோக்கத்தையே அம்முறையின் உயிராகக் கருதினார். மனம் விலகிய பிறகு எறும்புகளோடு அவனைக் கட்டிப்போட்டிருந்தால், அது நான் கொடுத்த வீட்டுப்பாடமாகியிருக்கும். மதிப்பெண்ணையும் நான் காரணமின்றிக் கொண்டுவரவில்லை. மதிப்பெண் இல்லாத பாடவேளை என்பதால் பலர் அதில் மற்றப் பாடங்களின் வேலையை முடித்துக்கொண்டிருந்தார்கள். தேர்வுகளில் எப்போதும் பின்தங்கும் ஒரு மாணவி, காகித மடிப்புகளில் கோணங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பொறுமையாக வரைந்து வைத்திருந்தாள். அவளுடைய மதிப்பெண் பட்டியலில் அந்த உழைப்புக்கு ஓர் இடம் கிடைத்தது நல்லதே என்று இப்போதும் நம்புகிறேன்.

ஆனாலும் 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை நான் அறியாதவள் அல்ல. படம் வரைவதில் முன்பே நாட்டமிருந்த குழந்தைகளுள், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டவர்கள், பிறகு பரிசு ஏதுமில்லாத வேளையில் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. பரிசைவிட, பரிசு வரும் என்று முன்பே தெரிந்திருப்பதுதான் ஆர்வத்தைத் தின்றது. நான் அறிவித்தது அப்படி ஒன்றைத்தான்.

அவன் விஷயத்தில் நடந்தது அதுதானா என்பதில் எனக்கு உறுதியில்லை. குறிப்பேட்டை அவன் என்னிடம் ஒப்படைக்கவும் இல்லை, வகுப்பில் விட்டுப்போகவும் இல்லை. வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டான். எறும்புகளைக் கைவிட்டானா, அல்லது என் சிவப்பு மையிலிருந்து அவற்றைக் காப்பாற்றிக்கொண்டானா? இரண்டாவதை எண்ணும்போது மனம் லேசாகிறது. அதனாலேயே அந்த எண்ணத்தை நம்பத் தயங்குகிறேன். "ஏன்ப்பா மாத்துற?" என்று அன்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அதையே தடையாக எடுத்துக்கொண்டிருப்பான் என்றும் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு முடிவுகளுக்கு மதிப்பெண் இடாமல், ஒத்துவராத அளவையும் மறைக்காமல் எழுதும் குறிப்பேட்டுக்கே மதிப்பெண் தரலாம் என்று சக ஆசிரியை ஒருவரிடம் சொன்னேன். "அப்போ உங்களுக்காகவே கேள்விக்குறி போட ஆரம்பிச்சிடுவாங்க" என்றார். மதிப்பெண்ணை அடியோடு எடுத்துவிட்டாலோ, வீட்டில் வேறு வேலைகளும் சுமக்கும் பிள்ளைகள்தான் முதலில் இந்தப் பாடவேளையைத் துறப்பார்கள் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை; திட்ட அறிக்கையில் மதிப்பீடு என்ற பகுதியை இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.