முக்கோணம் என்றால் ஃபா

பக்கத்தில் இருந்த பாட்டி தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். அதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு வடிவம். முக்கோணத்தின் மேல் விரலை வைத்து "ஃபா" என்றார். வட்டம் சோல். சதுரம் லா. வைரம் மாதிரி இருந்தால் மி.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு சின்ன மரத் தேவாலயம். நான்கு குரல் பிரிவினரும் நாலு பக்கமாக, ஒருவரையொருவர் பார்த்து உட்கார்கிறார்கள். 1844ல் வந்த 'சேக்ரட் ஹார்ப்' பாட்டுப் புத்தகம்தான் இன்றும் எல்லார் கையிலும்.

முதல் சுற்றில் வார்த்தையே கிடையாது. ஃபா, சோல், லா, மி மட்டும். அப்புறம்தான் பாடல் வரி.

எனக்குக் கீதம் கற்ற நாட்கள் ஞாபகம் வந்துவிட்டன. முதலில் ஸ்வரம், பிறகு சாகித்யம். பாட்டு டீச்சர் தொடையில் தட்டும் தாளம்கூடக் காதில் கேட்டது.

இந்தப் பாடல்களை எனக்கு அறிமுகம் செய்தது அனானிமஸ் 4. 1986ல் நியூயார்க்கில் சேர்ந்த நான்கு பெண்கள். பக்கவாத்தியமே இல்லாமல் இடைக்கால ஐரோப்பியத் தேவாலய இசையைப் பாடிக்கொண்டிருந்தவர்கள், பிறகு அமெரிக்க நாட்டுப்புறத் துதிப்பாடல்களுக்கு வந்தார்கள். ஏன் இவ்வளவு பெரிய தாவல் என்று அப்போது நினைத்தேன்.

தாவலே இல்லை. இந்த ஃபா, சோல், லா எல்லாம் 11ஆம் நூற்றாண்டில் குய்டோ என்ற இத்தாலியத் துறவி பாடகர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அசைகளின் வழிவந்தவைதான்.

அனானிமஸ் 4 பெண்களின் குரல் நீரோடை. இங்கே தொண்டை கிழியப் பாடுகிறார்கள், மரத்தரை அதிர்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும்.

2015ல் அந்த நால்வரும் கச்சேரிகளை முடித்துக்கொண்டார்கள். ஒருமுறைகூட நேரில் கேட்கவில்லை. அந்த வருத்தம் போகாது.

கிளம்பும்போது பாட்டி கேட்டார்: "அடுத்த மாசமும் வருவேதானே? ஆல்டோ குரலுக்கு ஆள் குறைவு."