இசைக் கல்லூரியில் சேரும் முன்

எந்த இசைக் கல்லூரி நல்லது என்று என்னிடம் வயலின் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் ஆண்டுதோறும் மே மாதத்தில் கேட்கிறார்கள். படித்து முடித்தபின் பிள்ளை எதைச் செய்து பிழைக்க விரும்புகிறது என்பது தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. மேடைக் கச்சேரி, பக்கவாத்தியம், பள்ளி ஆசிரியர் வேலை, கல்லூரிப் பேராசிரியர் பணி, திரைப்பட ஒலிப்பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் வழி வேறு என்பதால், தொழிலை ஓரளவு முடிவு செய்துகொண்டு அதிலிருந்து கல்லூரியைத் தேடுவதே சரியான வரிசை.

சென்னையில் இருப்பவர்களுக்கு வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. 1949இல் முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல் முதல்வராகக் கொண்டு தொடங்கப்பட்ட அரசு இசைக் கல்லூரி, அடையாற்றங்கரையில் பழைய பிராடி மாளிகையில் இயங்குகிறது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில் என்று மரபு வாத்தியங்கள் பலவற்றையும் கட்டுப்படியாகும் கட்டணத்தில் அங்கே கற்கலாம். ஆராய்ச்சி, பேராசிரியர் பணி என்று எண்ணுபவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை பொருந்தும்; பின்னாளில் உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கும் முதுகலைப் படிப்பு வேண்டும். நாட்டியத்தோடு இணைந்த சூழலில் முழுநாளும் கலையிலேயே இருக்க விரும்புபவர்கள் 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ராவை நாடுகிறார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிக்கும் ஆசை உள்ளவருக்கு மேற்கத்திய இசைக் குறியீட்டைப் பார்த்தவுடன் வாசிக்கும் திறமையும், தாளம் காட்டக் காதில் ஒலிக்கும் கிளிக் ஓசையை விட்டு விலகாத லயமும் தேவை. அவர்களை 2008இல் ஏ.ஆர். ரகுமான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற இடங்களைப் பார்க்கச் சொல்கிறேன்.

பெயரையும் கட்டடத்தையும் பார்த்த பிறகு, அனுமதி பெற்று ஒரு வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பது அவசியம் என்பது என் கருத்து. தோடி ராகக் கீர்த்தனை ஒன்று நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து பேரும் சேர்ந்து பாடும்போது அந்த ராகத்தின் காந்தாரம் என்னும் ஸ்வரத்தின் அசைவு யாரிடம் சரியாக இருக்கிறது, யாரிடம் வெறும் ஆட்டமாக நின்றுவிடுகிறது என்பது வெளியே தெரியாது. ஆசிரியர் கூட்டுப் பாடலை நிறுத்தி, ஒவ்வொருவரையும் அந்த ஒரு சங்கதியை, அதாவது வரியின் அந்த ஒரு வடிவத்தை, தனியாகப் பாடச்சொல்லித் திருத்துகிறாரா என்று கவனியுங்கள். திருத்துகிறார் என்றால் அங்கே தாராளமாகச் சேரலாம். இல்லையென்றால் கல்லூரி தருவது பட்டம், இசையியல் பாடம், ஒத்த வயதுத் தோழர்கள் ஆகிய மூன்றும்தான். அவையும் சிறிய வரவுகள் அல்ல. ஒரு வயலின்காரருக்கு முதல் கச்சேரி அழைப்பு பெரும்பாலும் உடன் படித்த பாடகரிடமிருந்துதான் வருகிறது. ஆனால் அந்தந்த நேரத்தில் சொந்தக் கற்பனையில் இசைக்கும் மனோதர்மத்தை, அதாவது ஆலாபனையையும் நிரவலையும் கற்பனை ஸ்வரத்தையும், வெளியே ஒரு குருவிடம் தனியாகத்தான் கற்கவேண்டும். அதற்கு நேரம் விடும் கால அட்டவணையா என்பதைச் சேருமுன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

பக்கவாத்தியத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றுக்கும் பழகவேண்டும். மதியக் கச்சேரிக்குக் காலையில் அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் ஐந்து கட்டைச் சுருதிக்குப் பாடுவார் என்று நினைத்தவர் தொண்டை சரியில்லையென்று நாலரைக் கட்டைக்கு இறங்கியிருப்பார். நான்கு தந்திகளையும் தளர்த்திச் சுருதி சேர்த்து, அவை நிலைத்து நிற்பதற்குள் கச்சேரியின் முதல் உருப்படியான வர்ணம் தொடங்கிவிடும். கல்லூரித் தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடையாது.

வருமானத்தைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. மார்கழியில் இளைஞர்களுக்குக் கிடைக்கும் பகல்நேரக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவச அனுமதி என்பதால் சன்மானம் போக்குவரத்துச் செலவுக்கே சரியாக இருக்கும். ஆகவே அகில இந்திய வானொலியின் கலைஞர் தேர்வில் விரைவில் வாசித்துவிடுவது நல்லது. பி தரம் கிடைத்தாலே வானொலி நிகழ்ச்சிகளுக்குத் தகுதி உண்டு, பிறகு பி ஹை, ஏ என்று உயரலாம். குடும்பத்தைத் தாங்கும் வருமானம் பலருக்கும் இணையவழிப் பாடம் சொல்லிக்கொடுப்பதில்தான் வருகிறது. அமெரிக்காவில் மாலை என்றால் நமக்கு விடியற்காலை. சாதகம் என்னும் தினசரிப் பயிற்சியைச் செய்யவேண்டிய அதே நேரத்தில் மாணவர்கள் திரையில் வந்து உட்காருவார்கள். வாரத்தில் எந்த நாட்களை விற்பது, எவற்றைச் சொந்தச் சாதகத்துக்கு வைத்துக்கொள்வது என்று முதல் மாணவரைச் சேர்க்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பிறகு மாற்றினால் பெற்றோர் கோபித்துக்கொள்வார்கள்.

மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு, மேற்பயிற்சி பெறுவதற்காக மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை அளிக்கிறது. குருவிடம் முறையாகப் பயின்றவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரி முடியும் வரை காத்திராமல், வயதுத் தகுதி வந்த ஆண்டிலேயே அறிவிப்பைத் தேடிப் பார்த்து விண்ணப்பிக்கும்படி என் மாணவர்களிடம் சொல்லி வருகிறேன்.