தலைப்புக்கு வெளியே என்றேன்

அந்த மாணவியை 'கடமையே' அணியில் போட்டது நான்தான். பட்டிமன்றத் தலைப்பு: சிறு படகுகளில் வரும் அகதிகளைக் கடலில் மீட்பது கடமையா, இன்னும் பலரைக் கடலில் இறங்கத் தூண்டுவதா? இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறவள். அவளுடைய அம்மம்மா 1990-இல் இலங்கையிலிருந்து படகில் வந்தவர். வேறு எந்த அணியில் அவளைப் போடுவது? ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று முகாம்கள் இருக்கும் மதுரைப் பக்கத்தில் எந்த ஆசிரியரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அவள் வந்து, "ஐயா, நான் எதிரணியில பேசட்டுமா?" என்றாள்.

ஏன்மா என்று கேட்டதற்குப் பழைய வினாத்தாள் ஒன்றை நீட்டினாள். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். படகுக்காரர் நகையை வாங்கிக்கொண்டு நடு இரவில் மணல் திட்டில் இறக்கிவிட்டது, "இதுதான் ராமேசுவரம், நடந்து போங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனது, விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீராக இருந்தது. எல்லாம் அம்மம்மா சொன்னவை. கடைசி வரிகளுக்கு அடிக்கோடு போட்டிருந்தாள்: 'காப்பாற்றினோம் என்கிறவர்கள் கரையேற்றிய பிறகு என்ன செய்தார்கள்? அம்மா கைக்குழந்தையாக வந்தார். நான் இங்கேயே பிறந்தேன். இன்னும் முகாமில் ஆள் சரிபார்க்கும் செக்கிங்குக்கு வரிசையில் நிற்கிறோம்.'

"இது தலைப்புக்கு வெளியேம்மா. கடல்ல இருந்து தூக்குறது வேற, அப்புறம் நடக்கிறது வேற" என்றேன்.

"கரைக்கு வந்துட்டா முடிஞ்சு போச்சாய்யா?" என்றாள். நான் அணியை மாற்றவில்லை.

எனக்குக் காரணம் இருந்தது. 2013 அக்டோபரில் இத்தாலியின் லாம்பெடூசா தீவருகே அகதிகள் வந்த படகு கவிழ்ந்து 360-க்கும் மேற்பட்டோர் மூழ்கி இறந்த பிறகு இத்தாலி தன் கடற்படையை மீட்பில் இறக்கியது. இப்படி மீட்பதுதான் ஆட்களை வரவழைக்கிறது என்ற பேச்சு ஐரோப்பாவில் வலுத்தது. ஓராண்டில் அந்தப் பணி நின்றது. படகுகள் நிற்கவில்லை. 2015 ஏப்ரலில் ஒரே படகில் சுமார் 800 பேர் மூழ்கிப் போனார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு, 'தூண்டுதல்' என்ற வாதத்தை அந்தப் பிள்ளையின் வாயால் சொல்லவைக்க எனக்கு மனம் வரவில்லை. யாராவது கைபேசியில் எடுத்து, முகாம் பெண்ணே சொல்லிவிட்டாள் என்று வெட்டி ஒட்டிப் போட்டால் யார் பொறுப்பு? அவளைக் காக்கத்தான் செய்தேன் என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் அவள் எழுதியதில் தூண்டுதல் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதுதான் உறுத்துகிறது. 2001-இல் டாம்பா என்ற நார்வே சரக்குக் கப்பல் 433 பேரைக் கடலில் மீட்டது. ஆஸ்திரேலியா அவர்களைத் தன் கரையில் இறக்க விடவில்லை. ஏற்றியவர்களை இறக்க இடம் கிடைக்காது என்று தெரிந்தால், அடுத்த கப்பல்காரர் ஏற்றுவதற்கே தயங்க மாட்டாரா? 1979-ஆம் ஆண்டின் கடல் மீட்பு ஒப்பந்தமும் தண்ணீரிலிருந்து தூக்குவதோடு கடமையை முடித்துக்கொள்வதில்லை. பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பது வரை அதற்குள் அடக்கம். அப்படியானால் அவள் கேட்டது தலைப்புக்குள்தான் இருந்தது. அதற்காக எதிரணிக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு நாடு கரையில் வைத்து எப்படி நடத்துகிறது என்பதைப் பார்த்துத்தான் மூழ்குகிறவருக்குக் கை கொடுப்போம் என்றால், பாதிப் பேர் கடலோடு போய்விடுவார்கள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் முடிவு சரி என்றே படுகிறது. அடுத்த நிமிடமே அவள் கேள்வி வந்து நிற்கிறது.

நன்றாகத்தான் பேசினாள். 1986-இல் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழரைக் கனடா மீனவர்கள் மீட்டதைச் சொன்னாள். அந்தக் குறிப்பு நான் கொடுத்தது. "அவங்களைத் தங்கவும் விட்டாங்க, வேலை செய்யவும் விட்டாங்க" என்ற வரி அவளே சேர்த்தது. அதைச் சொல்லும்போது கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். மணல் திட்டைப் பற்றிப் பேசவே இல்லை. வெட்டச் சொல்லி நான் சொல்லவில்லை.

இந்த ஆண்டும் பட்டிமன்றத்துக்குக் கூப்பிட்டேன். பொதுத்தேர்வு இருக்குதுங்கய்யா என்றாள். எந்த அணி வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"அந்தத் தலைப்பு இல்லையேய்யா" என்றாள்.