ஏ.எல் புவியியல்: வளிமண்டலமும் கடலும் எனக்கு விளங்கின கதை

ஏ.எல் எண்ட உயர்தரப் பரீட்சையை முதல்தரம் எடுக்கேக்க புவியியலுக்கு எனக்கு எஸ், ஆகக்குறைஞ்ச சித்தி. படிக்காமல் வந்த எஸ் இல்ல, நைதரசன் 78 வீதம் ஒட்சிசன் 21 வீதம் எண்டு டியூசன் கொப்பி முழுக்கப் பாடமாக்கி, விடிய நாலு மணிக்கு எழும்பிக் கத்திக் கத்திப் படிச்சும் வந்த எஸ். பேப்பரில "ஏன்" எண்டு கேட்டவுடன கை நிண்டிட்டுது. ரெண்டாந்தரம் பி வந்தது.

அம்மப்பா பருத்தித்துறையில அந்தக் காலம் பாய் கட்டித் தொழிலுக்குப் போனவர். நான் கடற்காற்று, நிலக்காற்று எண்டு மாறி மாறிச் சொல்லிப் பாடமாக்கிறதைக் கேட்டுட்டு, "எடேய், விடியப்புறம் கரையில இருந்து காத்து வெளிய தள்ளும், வெயில் ஏறினாப் பிறகு கடல்ல இருந்து காத்து உள்ள தள்ளும், இதுக்கேனடா பாடமாக்கிறாய்" எண்டார். அப்பத்தான் எனக்குப் பிடிபட்டது. மண் கெதியாச் சூடாகிக் கெதியாக் குளிரும், தண்ணிக்குத் தன்வெப்பக்கொள்ளளவு, அதாவது சூடாகத் தேவையான வெப்பம், கூட எண்டபடியா மெதுவாத்தான் மாறும், அவ்வளவுதான். அண்டையில இருந்து எந்தக் கேள்விக்கும் மூண்டு விசயம் கேட்டுப் பாப்பன்: எது சூடாகுது, எது மேல போகுது, அந்த இடத்துக்கு எங்க இருந்து வருது. அதை அம்புக்குறி போட்டுக் கீறிப்போட்டுத்தான் எழுதத் தொடங்குவன்.

தரையோட ஒட்டின கீழ்ப்படையான மாறன் மண்டலத்தில ஒவ்வொரு கிலோமீற்றர் மேல போகேக்கயும் வெப்பநிலை ஏன் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையுது? காத்தைச் சூடாக்கிறது பெரும்பாலும் கீழ இருக்கிற தரைதான், அதால விலக விலகக் குளிரும். அதுக்கு மேல இருக்கிற படை மண்டலத்தில மறுவளமா மேல போகச் சூடு ஏறும், ஏனெண்டா ஓசோன் அங்க ஊதாக் கடந்த கதிரை உறிஞ்சுது.

பருவக்காற்றும் உதே கதைதான், பெருசா நடக்குது. மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் ஆசிய நிலம் சூடாகி அமுக்கம் குறையும், தெற்கால இருந்து வாற காத்து பூமத்திய ரேகையைத் தாண்டினாப் பிறகு பூமி சுத்திறதால வலப்பக்கம் திரும்பித் தென்மேல் காற்றா வரும். மலைநாட்டில முட்டி ஏறின பக்கம் இரத்தினபுரியில கொட்டோ கொட்டெண்டு கொட்டும். யாழ்ப்பாணத்தில எங்களுக்கு அதே காத்துத்தான் சோழகம், பனையோலை சடசடக்கும், கண்ணுக்க புழுதி, ஆனா மழை அருமை, ஏனெண்டா இஞ்ச காத்தை மேல தூக்க ஒரு குன்றும் இல்ல. ஆனையிறவில உப்பு விளையிறதுக்கும் அந்த வெயிலும் காத்தும் மழையில்லாததும்தான் காரணம், உவர்த்தன்மைக் கேள்வி வந்தா உதை உதாரணமா எழுதுங்கோ. கடல்நீரில சராசரியா ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, ஆனா கங்கை, பிரமபுத்திரா மாதிரி ஆறுகள் வந்து விழுறதால வங்காள விரிகுடாவில குறைவு, அரபிக்கடல்ல கூட.

நான் வழுக்கின இடமொண்டு. நாங்கள் வீட்டில மாரி எண்டு ஒரே சொல்லில முடிக்கிறதைப் பாடத்தில ரெண்டாப் பிரிச்சு வைச்சிருக்கு. ஒக்டோபர், நவம்பர் ரெண்டாவது இடைப்பருவம், டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரைக்கும்தான் வடகீழ் பருவக்காற்று. யாழ்ப்பாணத்தில ஆகக்கூடின மழை பெய்யிற மாதம் நவம்பர், அப்ப அது இடைப்பருவத்துக்க போகுது. நான் வடகீழ் எண்டு எழுதி மாக்ஸை விட்டன். அந்த நேரத்து மழையில தாழமுக்கத்துக்கும் புயலுக்கும் நல்ல பங்கு இருக்கு, அதுகளுக்கும் 26, 27 பாகை செல்சியசுக்கு மேல சூடான கடல் வேணும். பூமத்திய ரேகைக்குக் கிட்ட, பூமி சுத்திறதால காத்தைத் திருப்பிற விசை காணாது, அதால அகலக்கோட்டில 5 பாகைக்குள்ள புயல் உருவாகிறது மிச்சம் அருமை.

எல்லாத்துக்கும் இந்த மூண்டு கேள்வியைப் போட்டுக்கொண்டு போகவும் ஏலாது, வற்றுப்பெருக்கு சந்திரனும் சூரியனும் இழுக்கிறதால வாறது, சூடுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. சுனாமி கடலடித் தரை திடீரெண்டு அசையிறதால வாறது. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி எண்டபடியா எங்கட ஊரில கனபேர் இப்பவும் ரெண்டையும் போட்டுக் குழப்புறவை, முதல்தரம் பேப்பரில நானும் அப்பிடித்தான் எழுதிப்போட்டு வந்தனான்.