அமுச்சியும் தாய்லாந்துச் சாப்பாடும்

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்துல ஒரு சின்ன தாய்லாந்து ஓட்டலுக்கு அமுச்சி (அம்மாவோட அம்மா), மாமா, பசங்கன்னு கூட்டமாப் போயிருந்தோம். கூட்டமாப் போறதுதான் சரி. தாய்லாந்துக்காரங்க வழக்கப்படி எல்லாத்தையும் நடுவுல வெச்சு, சோத்தோட பகிர்ந்துக்கோணும்.

அமுச்சி சைவமுங்க. கிரீன் கறிங்கற தேங்காப்பால் கொழம்புல காய் மட்டும் கெடந்தாலும் நம்பிடக் கூடாது. மீன் சாஸ் ஊத்தியிருப்பாங்க, அதோட மசாலா விழுதுலயே இறால் விழுது சேர்த்து அரைக்கறதுண்டு. முன்னாடியே சொன்னோம், ரெண்டும் இல்லாம தனியாப் பண்ணித் தந்தாங்க. "தேங்காப்பால் பரவால்ல கண்ணு, பொள்ளாச்சிக் காயாட்டம் வராது"ன்னாங்க அமுச்சி.

டாம் யம் சூப்புல மிதந்த லெமன் கிராஸ் தண்டை மாமா பையன் மென்னுட்டிருந்தான். அது வாசத்துக்குப் போடறது, ஒதுக்கிடோணும். புளி சேர்த்த பேட் தாய் நூடுல்ஸ் அமுச்சிக்குப் புடிச்சுப்போச்சு. எனக்கென்னமோ பப்பாளிக்காய் சாலட்தான்: இடிச்ச மொளகா, வறுத்த கடலை, எலுமிச்சைச் சாறு. பில்லு மாமா தலையில.