பூதத்தின் முதுகு குளிர்கிறது

மகளுக்காக ஒரு மாயாஜாலக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறு வற்றி, ஆலை மூடி, பக்கத்து வீட்டோடுகூடப் பேச்சு நின்றுபோன ஒரு ஊர். அந்த ஊர்ப் பாலத்துக்கு அடியில் ஒரு பூதம்.

முதலில் எழுதியதில், பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பூதம் ஆற்றைத் திரும்ப அழைத்து வந்துவிடும். அந்த இடத்தை வாசித்துக் காட்டியபோது அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம், "அந்த ஊர்க்காரங்க என்னதான் செஞ்சாங்க?" என்றாள். எட்டு வயது அவளுக்கு. நான் எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். கரையில் நின்று கைதட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து பூதத்தின் சக்திகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். மிச்சம் ஒன்றுதான்: உள்ளங்கையில் எதை வைத்தாலும் சூடு ஆறாது.

கல் சூப் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். பசியோடு வரும் வழிப்போக்கன் பானைத் தண்ணீரில் கல்லைப் போட்டுக் கொதிக்கவிடுவான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காயாகக் கொண்டுவந்து போடுவார்கள். ரஷ்யாவில் அது கோடாரிக் கஞ்சி, ஸ்வீடனில் ஆணி சூப். அங்கெல்லாம் ஏமாறுவது ஒரே ஒரு கிழவி. எனக்கு ஊரே கூடிச் சாப்பிடும் கதைதான் பிடிக்கும். கல்லுக்கு ஒரு சக்தியும் கிடையாது, பானை நிறைவது வீடுகளிலிருந்து வந்ததால்தான். ஆனால் மகளுக்கு அந்த வழிப்போக்கனைப் பிடிக்கவில்லை. "பொய் சொல்லித்தானே வாங்கினான்?" நியாயம்தான். எங்கள் பூதம் பொய் சொல்லாது என்று முடிவு செய்தோம்.

அதனால் இப்போது கதை இப்படிப் போகிறது. பூதம் ஒரு கிழவியின் கதவைத் தட்டுகிறது. ஏழு வருடமாகத் திறக்காத தாழ்ப்பாள். துருப்பிடித்து, இழுத்தால் கிறீச்சிடுகிறது. இரண்டு விரல் அகலத்துக்குக் கதவு திறக்கிறது. "என்கிட்ட கொடுக்க ஒண்ணும் இல்லை பாட்டி. நீங்க எதிர்வீட்டுக்கு ஏதாவது கொடுத்தனுப்பினா, ஆறாம கொண்டுபோய்ச் சேர்ப்பேன்." கிழவி கதவைச் சாத்திவிடுகிறாள். மறுநாளும் சாத்துகிறாள். மூன்றாம் நாள் அந்த இடுக்கு வழியாக ஒரு கிண்ணம் வெளியே வருகிறது. இந்த இடத்தை நான்கு தடவை திருத்தி எழுதினேன். அவள் ஏன் மனம் மாறினாள் என்று விளக்கிய வரிகளை எல்லாம் கடைசியில் எடுத்துவிட்டேன்.

எதிர்வீட்டுக்காரர் கிண்ணத்தைக் காலியாகத் திருப்பித் தரக் கூசி, அதில் எதையோ போட்டு அனுப்புகிறார். பூதம் தெரு முழுக்க நடக்க ஆரம்பிக்கிறது.

நேற்று படுக்கப் போகும்போது மகள் கேட்டாள், "அதோட கைதானே சூடு? முதுகு குளிராதா?" எனக்கு இது தோன்றவே இல்லை. இத்தனை அத்தியாயமாக அந்தப் பூதம் ஈரப் பாலத்தடியில்தான் தூங்கிக்கொண்டிருக்கிறது.

காலையில் நோட்டின் ஓரத்தில் ஒரு படம் இருந்தது. பூதத்தின் மேல் ஒரு போர்வை, ஒவ்வொரு துண்டும் வேறு வேறு நிறம். எந்தத் துண்டு எந்த வீட்டுடையது என்று எழுதியும் வைத்திருந்தாள். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டு வீட்டுக் கதவை அது தட்ட வேண்டுமாம்.