தொழில்: எழுத்தாளர்

ஊருக்குப் போய்வந்து பத்து நாளாகிறது, எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மலேசியத் தமிழனுக்கு 'ஊர்' என்றால் தமிழ்நாட்டில் தாத்தா பிறந்த ஊர்தான். நான் கவிதை எழுதுகிறவன், மனைவி சிறுகதைக்காரர். அறுபது வயதைத் தாண்டி இப்போதுதான் இருவருக்கும் முதல் பயணம்.

முதல் கோணல் என்னால் வந்தது. மின்விசா படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் மனைவி, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்று போட்டார். முப்பது வருடம் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதிய நான், ஆசைப்பட்டு 'எழுத்தாளர்' என்று போட்டேன். அவருக்கு இரண்டே நாளில் அனுமதி வந்தது. எனக்குக் கேள்விதான் வந்தது: எந்தப் பத்திரிகை, அங்கே போய் என்ன எழுதப் போகிறீர்கள்? பத்திரிகைக்காரர்களுக்கு இந்தியாவில் தனி விசா உண்டு. என் கவிதைக்கு எவரும் காசு தருவதில்லை என்பதை விளக்கி, பழைய வேலைக் கடிதத்தைத் தேடியெடுத்து அனுப்பி, அனுமதி கிடைத்தபோது விமானத்துக்கு இரண்டு நாள்தான் பாக்கி. 'தொழில்' என்ற இடத்தில் சோறு போட்ட வேலையை எழுதுங்கள், போதும்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சி, குடிநுழைவு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

தாத்தா 1937-இல், தோட்டத்துக்குக் கூலியாள் சேர்க்கும் கங்காணியோடு மலாயாவுக்குக் கப்பலேறியவர். அடுத்த வருடமே இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்துவிட்டது. எங்கள் கையில் இருந்த ஒரே தடயம், அவர் தங்கைக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் ரசீது. திருச்சினாப்பள்ளி ஜில்லா, பெரம்பலூர் தாலுகா என்று தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஊர்ப் பெயரைக் கொளத்தூர் என்றும் படிக்கலாம், குளத்தூர் என்றும் படிக்கலாம். பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமாகிவிட்டது, அந்தப் பழைய தாலுகாவும் இப்போது அதே எல்லையில் இல்லை. முதல் நாள் வாடகைக் காரில் போய் இறங்கியது தப்பான ஊர். டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஓர் அரசு அலுவலகம். அங்கிருந்தவர் தலையை நிமிர்த்தாமல், "பட்டா நம்பர் சொல்லுங்க" என்றார். நிலம் இருந்திருந்தால் மனுஷன் ஏன் கப்பலேறப் போகிறார்? கூலியாகப் போனவரின் பெயரை நிலப் பதிவேட்டில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கடைசியில் "நாளைக்கு வாங்க" என்றார். நாங்களும் போனோம். சனிக்கிழமை, பூட்டு.

டீக்கடையில் ஊர் சொன்னால் அடுத்த கேள்வி "எந்தத் தெரு?" என்பதுதான். அது விலாசத்தைக் கேட்கும் கேள்வி இல்லை. கவிஞர் அங்கே வாயடைத்து நின்றார்.

மனைவிதான் வழி கண்டார். "என்னங்க, உங்க பாட்டி சத்தியம் பண்ணும்போது எந்தச் சாமி பேரச் சொல்வாங்க?" சிறுவாச்சூர் காளி! மதுரகாளியம்மன்தான் குலதெய்வம். உடனே ஓடினோம். அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பது ஊருக்கே தெரியும், எங்களைத் தவிர. வெள்ளிக்கிழமையை அந்த அலுவலக வராந்தாவில் தொலைத்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. செவ்வாய்க்கிழமை எங்கள் விமானம்.

திங்கட்கிழமை விடியும்போதே போய்விட்டோம். மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கத்தில் மனைவி உட்கார்ந்து, உலக்கையையும் வாங்கிக்கொண்டார். நான் ரசீதை யாரிடமும் காட்டவில்லை. ஒரு மணி நேரத்தில் ஓர் ஆயா கேட்டார்: "பெனாங்குக்காரரு வூடா? எங்க தெருவுலதான்." ஊர் குளத்தூர்தான். உங்கள் வீட்டுக் கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே குலதெய்வத்தின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.

தாத்தாவின் தங்கை பேரன் எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "மாமா என்ன வேலை பாத்தீங்க?" என்றார்.

"கணக்கு எழுதினேன்" என்றேன்.

"அப்ப நல்லதாப் போச்சு" என்று உள்ளே போய், பால் சொசைட்டி நோட்டை எடுத்து வந்தார்.